ஐந்தரைக் கட்டை நீலம்

எங்கள் ஊரில் ஐந்தரைக் கட்டைச் சுரம் காணாமல் போனது மாசி மாதத்து ஒரு செவ்வாய்க்கிழமை, பகல் இரண்டேகால் மணிக்கு. இதை இவ்வளவு துல்லியமாகச் சொல்ல என்னால் மட்டும்தான் முடியும், ஏனென்றால் அதை எடுத்தவள் நான். ஊருக்கு அது மூன்று மணி ஷிப்டுக்கு மில் சங்கு ஊதியபோதுதான் தெரிந்தது; சங்கு வழக்கம்போல அடித்தொண்டையில் கிளம்பி, ஏறி ஏறி, உச்சியில் போய் நிற்கவேண்டிய இடத்தில் ஒன்றுமே இல்லாமல் போய், அரை நிமிஷம் கழித்து இறங்கும் வழியில் மறுபடி கேட்டது, தெருவில் போனவர்கள் நின்று அண்ணாந்து பார்த்துவிட்டு, மிஷின் பழுது என்று சொல்லிக்கொண்டு நடந்தார்கள்.

ஆர்மோனியத்தில் மூன்று கறுப்புக் கட்டைகள் சேர்ந்திருக்கும் இடத்தில் நடுவில் இருப்பதுதான் ஐந்தரைக் கட்டை. பெண்கள் பாட வசதியான சுருதி அது. பாடவே தெரியாத பெண்கள்கூட வாசலில் நின்று பிள்ளையைக் கூப்பிடும்போது குரல் தானாக அந்தப் பக்கம்தான் போய் நிற்கும்.

என் பெயர் பாக்கியசீலி. பெண்கள் பள்ளியில் இருபத்தாறு வருஷமாக டிராயிங் டீச்சர். கரிசல் காட்டுக்கு நடுவே ஒரு மில்லையும் அதைச் சுற்றி எட்டுத் தெருக்களையும் கொண்ட இந்த ஊரில் பூசணிக்காயும் கூஜாவும் வரையச் சொல்லிக்கொடுத்தே என் காலம் போய்விடும் என்று நான் ஒதுங்கிக்கொண்ட பிறகு, நாற்பத்தொன்பது வயதில், சென்னையில் ஒரு கேலரியிலிருந்து மிருணாளினி என்ற பெண் போன் செய்து, பன்னிரண்டு படங்களோடு தனிக் கண்காட்சி வைக்கலாம் என்றாள். அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை, அத்தனை சந்தோஷம்.

சத்தம் இல்லாமல் எனக்குப் படம் வராது. அப்பா சர்ச்சில் ஆர்மோனியம் வாசித்தவர். எந்தக் கட்டையை அழுத்தினாலும் என் கண்ணுக்குள் ஒரு நிறம் எழும்பும் என்று சிறுவயதில் சொன்னபோது, அதை வெளியே சொல்லாதே, கல்யாணம் ஆகாது என்றார். சொல்லாமலும் ஆகவில்லை, அது வேறு கதை. சுருதிப்பெட்டியை ஓடவிட்டுக்கொண்டு, அந்தச் சுரம் எந்த இடத்தில் எந்த நிறத்தைக் கேட்கிறதோ அங்கே அதைப் பூசிக்கொண்டு போவதுதான் என் வேலை.

மிருணாளினி ஒருநாள் கேட்டாள். “உங்களுக்கு இன்ஸ்பிரேஷன் எதுன்னு ஒரு பக்கம் எழுதி அனுப்புங்க மேடம். எந்த மியூசிக், எந்த ஓவியர்னு. கேட்டலாக்ல போடணும்.”

அப்பாவின் ஆர்மோனியம், ரேடியோவில் விடியற்காலை வரும் நாதஸ்வரம், சித்தன்னவாசல் கூரையிலுள்ள தாமரைக்குளம், பள்ளி நூலகத்தில் அட்டை கிழிந்து கிடந்த வெளிநாட்டு ஓவியப் புத்தகம் என்று வரிசையாக எழுதி அனுப்பினேன். எல்லாம் உண்மைதான். அந்தப் பன்னிரண்டு படங்களும் எங்கிருந்து வந்தன என்பது மட்டும் அதில் இல்லை.

அவை என் வீட்டுச் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்தன. அங்கே தங்கப்பழம் அண்ணனும் அவர் மனைவி வெயிலாச்சி அக்காவும் குடியிருந்தார்கள். அண்ணன் மில்லில் தறிகள் ஓடும் லூம் செட்டில் முப்பத்தொரு வருஷம் நின்றவர். அந்தத் தறிச் சத்தம் அவர் காதிலிருந்து ஒவ்வொரு சுரமாகத் தின்றுகொண்டே வந்து, வேலையிலிருந்து நின்ற வருஷம் ஒரே ஒரு சுரத்தை மட்டும் மிச்சம் வைத்துவிட்டுப் போயிற்று. அக்கா என்ன கத்தினாலும் திரும்பாதவர், ஒருநாள் அவள் மொட்டைமாடியில் வடகத்தைக் கொத்த வந்த காக்காயை விரட்டியபோது உள்ளே இருந்து எழுந்து வந்து “யாரு, என்னையவா கூப்பிட்ட?” என்று கேட்டார். அவள் காக்காயை விரட்டிய அதே குரலில், அதே உயரத்தில், “ஆமா, உங்களையத்தான்” என்றாள். அன்று ஏறியவள், ஒன்பது வருஷம், அவரிடம் பேசும்போது அந்த ஐந்தரைக் கட்டையை விட்டு இறங்கவே இல்லை. மிளகாய் வத்தல் விலை, திருப்பூரிலிருக்கும் மகள் சொன்ன சங்கதி, எதிர்வீட்டுச் சண்டை, வெந்நீர் வைத்திருக்கிறேன், சட்டையைக் கழற்றுங்க, இன்று ஏனோ மனசு சரியில்லை என்று எல்லாவற்றையும் ஒரே கட்டையில் இழுத்து இழுத்துச் சொன்னாள், புதிதாகத் தெருவுக்கு வந்தவர்கள் அந்த வீட்டில் யாரோ பாராயணம் செய்கிறார்கள் என்று நினைத்துச் செருப்பைக் கழற்றினார்கள்.

ஒற்றைச் செங்கல் சுவர். ஒன்பது வருஷமும் நான் கேட்டுக்கொண்டிருந்தேன். சோறு ஆறுது வாங்க என்று அவள் சொன்னது என் மூன்றாவது படத்தின் மஞ்சள். மகள் இந்தத் தீபாவளிக்கும் வரவில்லை என்று சொன்னது ஏழாவதன் காவி. சுருதிப்பெட்டியை அணைத்து வைத்துவிட்டேன்.

பன்னிரண்டாவது படம் நீலம். அது வரவே இல்லை. ஒரு மாதம் பூசிப் பூசி அழித்தேன். அந்தச் செவ்வாய்க்கிழமை பகலில் சுவருக்கு அப்பால் சண்டை தொடங்கியது, அக்காவின் குரல் அதுவரை நான் கேட்டிராத கனத்தில் வந்தது. நான் கேன்வாஸைத் தூக்கிக்கொண்டு போய் அந்தச் சுவரிலேயே சாய்த்து வைத்து, காதையும் அதன் ஓரத்தில் வைத்துக்கொண்டு, அவள் இழுக்கும் வரை நானும் பிரஷ்ஷை இழுத்தேன். வார்த்தைகளை நான் கவனிக்கவில்லை என்றுதான் பிறகு பல நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கவனித்தேன். ஒவ்வொன்றையும் கவனித்தேன். குரல் மெலிய மெலிய நீலம் கெட்டியாகிக்கொண்டே வந்தது, என்ன நடக்கிறது என்று என் கைக்குத் தெரியாமலும் இல்லை. ஆனால் டியூபை வாலிலிருந்து சுருட்டிச் சுருட்டிக் கடைசிச் சொட்டு வரை பிதுக்கி, தட்டைப் பிரஷ்ஷால் துடைத்து, துடைத்ததையும் பூசிவிடும் பள்ளிக்கூடத்துப் பழக்கம் எனக்கு. சர்க்கார் கொடுக்கும் கலரை அப்படித்தான் எண்பது பிள்ளைகளுக்குப் பங்கு வைக்க முடியும். ஒரு சொட்டாவது விட்டு வைத்திருக்கலாம். விடவில்லை. வழித்து எடுத்துவிட்டேன். சுவருக்கு அப்பால் சத்தம் நின்றது, நீலம் முடிந்திருந்தது.

போட்டோ எடுத்து அனுப்பினேன். “எவ்வளவு அமைதியா இருக்கு மேடம் இந்த நீலம். இதைத்தான் அழைப்பிதழ் அட்டையில போடப்போறோம்” என்றாள் மிருணாளினி.

ஊர் அந்தச் சுரம் இல்லாமல் வாழப் பழகிக்கொண்டது. முதல் வாரம் கொஞ்சம் தடுமாற்றம் இருந்தது. குக்கர் விசில் ஏறி உச்சியில் காணாமல் போனதால் எத்தனை விசில் என்று தெரியாமல் எட்டுத் தெருவிலும் சோறு குழைந்தது, பிறகு பெண்கள் ஆவியைப் பார்த்து எண்ணிக்கொண்டார்கள். சர்ச்சில் பாடகர் குழு அரைக் கட்டை இறங்கி ஐந்தில் பாடியது, ஆண்டவருக்கு ஐந்தும் ஐந்தரையும் ஒன்றுதான் என்று பாஸ்டர் பிரசங்கத்தில் சொன்னார். கல்யாணத்துக்கு வந்த நாதஸ்வரக்காரர் சீவாளியை மூன்று முறை மாற்றிப் பார்த்துவிட்டு, அந்த இடம் வரும்போதெல்லாம் தவில்காரரைப் பார்க்க, அவர் ஒரு அடியைக் கூடுதலாகப் போட்டு மூடினார், அது நன்றாக இருக்கிறது என்று சொல்லி அடுத்த முகூர்த்தத்துக்கும் அப்படியே வாசிக்கச் சொன்னார்கள். மில்லில் சங்கை மூன்று தடவை பிரித்துப் பூட்டி, கடைசியில் சங்கு எந்த இடத்தில் கேட்காமல் போகிறதோ அதுதான் ஷிப்ட் நேரம் என்று நோட்டீஸ் ஒட்டினார்கள், அதற்கப்புறம் சத்தம் வரும்போது எல்லோரும் பேசிக்கொண்டிருந்துவிட்டு, சத்தம் நின்றதும் டீயை வைத்துவிட்டு ஓடினார்கள். நகராட்சி ஆட்டோ தெருத் தெருவாக, பொதுமக்கள் பதற்றப்பட வேண்டாம் என்று மைக்கில் சொல்லிக்கொண்டு போனது. அறிவிப்பு வாசித்த பெண்ணின் குரலே நாலு வார்த்தைக்கு ஒருமுறை அற்று அற்று வந்தது, அதை யாரும் குறையாக எடுத்துக்கொள்ளவில்லை. பக்கத்து ஊர்க்காரர்கள் எங்கள் ஊருக்குள் பஸ் நுழைந்ததும் ஆரன் தேய்வதைக் கேட்டு, இறங்கும் இடம் வந்துவிட்டது என்று எழுந்து நின்றார்கள்.

பழகாமல் போனது ஒரே ஒரு வீடு.

வெயிலாச்சி அக்கா அந்தக் கட்டைக்கு ஏறி வாயைத் திறப்பாள், ஒன்றும் வராது. இறங்கி வேறு குரலில் பேசினால் அவருக்குக் கேட்காது. இரண்டு பேருக்கும் எழுதப் படிக்கத் தெரியாது. லூம் செட்டில் சத்தத்துக்கு நடுவே ஒருவருக்கொருவர் பேசிக்கொள்ளும் கைச் சாடைகளை அண்ணன் அவளுக்குக் காட்டிக்கொடுத்தார். நூல் அறுந்துபோச்சு, எண்ணெய் போடு, டீ வந்திருக்கு, சூப்பர்வைசர் வாரான், இப்படி ஒரு முப்பது சாடை. அந்த முப்பதை வைத்து அவர்கள் சாப்பிட்டார்கள், குளித்தார்கள், தூங்கினார்கள். லூம் செட்டில் யாரும் யாரிடமும் மன்னிப்புக் கேட்டதில்லை என்பதால் அதற்கு மட்டும் சாடை இல்லை.

அவளுக்கு அது தேவைப்பட்டது. அன்று அவள் சொன்னது இதுதான், நான் வார்த்தை மாறாமல் சொல்ல முடியும்: “ஒன்பது வருசமா உங்களுக்காக ஒத்தக் கட்டையில கத்திக் கத்தி எனக்குன்னு ஒரு குரல் இல்லாமப் போச்சு. இனிமே என் குரலே உங்க காதுல விழ வேண்டாம். முழுச் செவிடா ஆகிச் சாகுங்க.” அது அப்படியே பலித்துவிட்டது.

ஊருக்கு எதற்கும் ஒரு காரணம் வேண்டும், இல்லாவிட்டால் சாப்பாடு செரிக்காது. சண்டையைக் கேட்ட எதிர்வீட்டுக்காரி குழாயடியில் சொல்ல, வெயிலாச்சி கருநாக்குக்காரி, புருஷனைச் சபித்த சாபம் ஊர்ச் சுரத்தையே அள்ளிக்கொண்டு போய்விட்டது என்று ஒரு வாரத்தில் பேச்சாகிவிட்டது. யாரும் அவளை வையவில்லை. எங்கள் ஊர்க்காரர்கள் நல்லவர்கள். வளைகாப்புக்குக் கூப்பிட்டு, இலை போட்டு, பாயசம் ஊற்றி, எல்லாவற்றையும் செய்துவிட்டு, வாழ்த்துச் சொல்லும் நேரத்தில் மட்டும், “வெயிலாச்சி, நீ மனசுக்குள்ளயே சொல்லிக்கோ” என்றார்கள். பெண்கள் தங்கள் பிள்ளைகளின் பெயரை அவள் முன்னால் சொல்வதை நிறுத்திக்கொண்டார்கள். அவளும் அதை நியாயம் என்று எடுத்துக்கொண்டு, ஊரிடமும் பேசுவதை விட்டுவிட்டாள்.

நான் என்ன செய்தேன் என்றால், படங்களுக்குச் சட்டம் போட்டேன். தினமும் காலையில் அவளிடம் போய்ச் சொல்லிவிட வேண்டும் என்று செருப்பை மாட்டுவேன், கண்காட்சி முடியட்டும், முடிந்ததும் சொல்லிவிடலாம் என்று கழற்றுவேன். ஒருநாள் பள்ளியில் ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் கருநாக்கு ஆத்தா வருது என்று விளையாடியபோது, அதட்டவேண்டியவள் அட்டெண்டன்ஸ் எடுத்தேன். எனக்கு என்மேலேயே அருவருப்பாக இருந்தது. இருந்தும் நீலத்தைப் பார்க்கும்போது, இது நான் செய்தது என்று உள்ளே ஒரு குளிர்ச்சி ஓடியதையும் மறைக்க விரும்பவில்லை.

ஐம்பத்திரண்டாவது நாள் சென்னைக்குப் படங்களை ஏற்ற வேன் வந்தது. காலை பதினோரு மணி. டிரைவர் அந்தோணிசாமி பதினொரு படங்களை ஏற்றிவிட்டார். நீலம் மட்டும் கூடத்தில் நின்றது. அப்போது வெயிலாச்சி அக்கா மஞ்சள் சேலையில், தலை ஈரத்தோடு, கையில் ஒரு செம்பும் வேப்பிலையுமாக என் வாசலுக்கு வந்தாள். அவள் என்னிடம் பேசி ஒரு மாதத்துக்கு மேல் ஆகியிருந்தது.

“டீச்சர், ஒரு உதவி. மத்தியானம் எங்க வீட்டை ஒரு எட்டு எட்டிப் பாத்துக்கிடுங்க. அவுகளுக்குச் சோறு மூடி வச்சிருக்கேன். கதவைத் தட்டினாக் கேக்காது, பின்வாசல் தொறந்துதான் கெடக்கு.”

“எங்கக்கா போறீங்க?”

“இன்னைக்குப் பங்குனிப் பொங்கல்லா. மாரியாத்தாளுக்கு நேந்திருக்கேன். நாக்குல அலகு குத்தப் போறேன்.” சொல்லிவிட்டு, நான் ஏதோ கேட்டதுபோல அவளே தொடர்ந்தாள். “பேசுன நாக்கு இதுதான டீச்சர். குத்தினா ஆத்தா அவுக காதைத் திருப்பிக் குடுப்பா. குடுக்காட்டியும் பரவால்ல, குத்திக்கிடணும். அவுக கடைசியாக் கேட்டது என்னன்னு நெனச்சா எனக்குத் தண்ணி இறங்கல. என்னையப் பாத்தாலே நூலு தீந்துபோச்சுன்னு ஒரு சாடை காட்டுதாக, அதையே காட்டுதாக. வேற எதுவும் காட்ட மாட்டேங்காக.”

நான் அங்கேயே தரையில் உட்கார்ந்தேன்.

“அக்கா, உங்க நாக்கு ஒண்ணும் பண்ணலை. அதை எடுத்தது நான். இந்தப் படத்துல இருக்கு.”

அவள் கூச்சல் போடவில்லை. நம்பாமலும் இல்லை. எங்கள் ஊரில் அந்த ஐம்பத்திரண்டு நாளில் யாருக்கும் எதையும் நம்புவதில் சிரமம் இருக்கவில்லை. செம்பைக் கீழே வைத்துவிட்டு நீலத்துக்குப் பக்கத்தில் போய், நான் அன்று சுவரில் வைத்ததைப் போலவே, தன் காதை அதில் வைத்தாள். நெடுநேரம் வைத்திருந்தாள். அவள் முகத்திலிருந்தே எனக்குத் தெரிந்தது, எந்த வார்த்தைகள் உள்ளே ஓடிக்கொண்டிருக்கின்றன என்று.

“இதையவா டீச்சர் சுவத்துல மாட்டி ஊருக்குக் காட்டப் போனீக?”

அவள் கண் படத்திலிருந்து நடுச் சுவருக்குத் திரும்பியது.

“அப்போ ஒன்பது வருசமா நாங்க பேசினதெல்லாம் உங்களுக்குக் கேக்குமா?”

“கேக்கும்க்கா.”

“எல்லாமா?”

“எல்லாம்.”

அவள் முகம் காது மடல் வரை சிவந்தது. எனக்கு அவள் என்னை அறைந்திருந்தால் தேவலையாக இருந்திருக்கும். சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு, சுவரைப் பார்த்தபடி நின்றாள். நான் எழுந்து பெட்டியிலிருந்து சுரண்டும் கத்தியை எடுத்தேன். அழைப்பிதழ் அட்டையில் அச்சாகிவிட்ட படம், நாற்பத்தொன்பது வருஷத்தில் என் கையிலிருந்து வந்த ஒரே நல்ல நீலம் என்று நினைத்து, அப்போதும் என் கை ஒரு நிமிஷம் நின்றது என்பதையும் சொல்லிவிடுகிறேன். அவள் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள். தடுக்கிறாள் என்று ஒரு கணம் எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது.

“இங்க வச்சுச் சுரண்டாதீக. உள்ள கெடக்கது மொதல்ல அந்தச் சொல்லுதான. சுரண்டினா அதுதான் மொதல்ல வெளிய வரும். மறுபடியும் அவுக காதுல விழுறது அதாவா இருக்கணும்?”

“நான் என்னக்கா செய்யட்டும்?”

“காட்டுக்குக் கொண்டு போயிருங்க. ஆளில்லாத பொட்டலாப் பாத்துச் சுரண்டுங்க. நான் வீட்டுல போயி அவுக முன்னாடி உக்காந்து பேசிக்கிட்டே இருக்கேன். வாயி அசையுறது அசையட்டும். சத்தம் எப்ப வருதோ, அப்ப நான் பேசிக்கிட்டு இருக்கிறது அவுக காதுல விழட்டும்.”

வேப்பிலையை என் வாசலிலேயே போட்டுவிட்டு, செம்பை மறந்துவிட்டு, வேகமாகப் போனாள். அந்த வயதில் அவள் அப்படி நடந்து நான் பார்த்ததில்லை.

அந்தோணிசாமி ஒன்றும் கேட்காமல் நீலத்தை ஏற்றி, ஊருக்குத் தெற்கே நாலு மைல் தள்ளி, பருத்தி எடுத்து முடிந்து வெடித்துக் கிடந்த கரிசலில் கொண்டுபோய் நிறுத்தினார். அவரைத் தூரத்தில் போய் நிற்கச் சொன்னேன். படத்தை வெயிலில் மல்லாக்கப் போட்டு, மண்டியிட்டு, ஓரத்திலிருந்து சுரண்டத் தொடங்கினேன். ஒவ்வொரு செதிலாக நீலம் உரிந்தது, உரிய உரிய அந்தச் சொல் வெளியே வந்தது. முழுச் செவிடா ஆகிச் சாகுங்க. முழுச் செவிடா ஆகிச் சாகுங்க. அதைக் கேட்க அந்தப் பொட்டலில் என்னைத் தவிர யாருமில்லை, யாருக்காகவோ சொல்லப்பட்டது எனக்கே சொல்லப்பட்டதாக ஆயிற்று, நான் காதைப் பொத்தவில்லை. செதில்களைக் கையால் ஒதுக்கி நிலவெடிப்புகளுக்குள் தள்ளினேன். கரிசல் எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டது. கடைசியில் மூலையில் ஒரு விரலளவு நீலம் மிச்சம் இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே கொஞ்சநேரம் இருந்துவிட்டு, அதையும் வழித்தேன்.

எவ்வளவு நேரம் ஆயிற்றென்று தெரியவில்லை. ஊர்ப் பக்கமிருந்து சங்கு கிளம்பியது. அடித்தொண்டையில் தொடங்கி, ஏறி ஏறி, ஐம்பத்திரண்டு நாள் வெறுமையாகக் கிடந்த அந்த இடத்துக்குப் போய்ச் சேர்ந்து, அங்கேயே நின்று ஊதியது. பனைமரத்தடியில் நின்ற அந்தோணிசாமி திரும்பிப் பார்த்தார். ஷிப்டுக்கு ஓடுவதா நிற்பதா என்று தெரியாமல் ஊர் முழுக்க டீ கிளாஸோடு நின்றிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன். குழாயடியில் யாரோ பிள்ளையைக் கூப்பிட்டிருப்பாள், பிள்ளை திடுக்கிட்டிருக்கும். ஒரு வீட்டில் சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருந்த ஒரு பேச்சு, ஏதோ ஒரு வாக்கியத்தின் நடுவில், ஏதோ ஒரு வார்த்தையில், கேட்கத் தொடங்கியிருக்கும். அது எந்த வார்த்தை என்று தெரிந்துகொள்ள என் உடம்பே தவித்தது. நாலு மைலுக்கு அப்பாலிருந்தும் காது அந்தத் திசைக்குப் போனது.

மிருணாளினி மூன்று முறை போன் செய்திருந்தாள். நான் எடுக்கவில்லை. வெறும் துணியாகிவிட்ட கேன்வாஸை அந்தோணிசாமி தூக்கி மற்ற படங்களோடு வைத்துவிட்டு, கை தூசியைத் தட்டிக்கொண்டு வந்தார்.

“வீட்டுக்கு விடவா டீச்சர்? இல்ல இப்படியே மெட்ராஸா?”

வீடு என்றதும் எனக்கு அந்தச் சுவர்தான் கண்ணில் நின்றது, அதன் மேல் காது வைத்து வைத்துச் சுண்ணாம்பு தேய்ந்துபோன இடமும்.

“ரெண்டும் வேண்டாம். கொஞ்சம் இங்கேயே இருப்போம்” என்றேன். “அவங்க பேசி முடிக்கட்டும்.”